வசதியானவரும் தெருவில் படுப்பவரும் நண்பர்களாக இருக்க முடியுமா?

கேள்வி கேட்டவர் வேலூரில், காட்பாடி காந்தி நகரில் வசிப்பவர். சொந்தத் தொழில், மாடி வீடு, கார் எல்லாம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஒரு குழுவோடு சேர்ந்து ரயில் நிலையத்தை ஒட்டிய தெருக்களில் சாப்பாடு கொடுக்கிறார். அங்கே படுத்திருக்கும், அறுபதைத் தாண்டிய ஒருவரோடு பேச்சு வளர்ந்து, இப்போது பொட்டலம் இல்லாத நாளிலும் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறார். மனைவி முகம் சுளிக்கிறார், மைத்துனர் கிண்டல் செய்கிறார். "இது நட்புதானா, இல்லை என் மனத் திருப்திக்காகச் செய்கிறேனா? பணம் கொடுக்கலாமா? அவரை எங்காவது சேர்த்துவிடுவது என் கடமையா?" என்று கேட்டிருக்கிறார்.

நட்பாக இருக்கலாம். மனத் திருப்தி கிடைக்கிறதே என்று கூச்சப்பட வேண்டாம். அது கிடைக்காத இடத்துக்கு யாரும் இரண்டாம் முறை போவதில்லை. நான் கேட்பது வேறு. அவர் எப்போதாவது உங்களிடம் "வேண்டாம்" என்று சொல்லியிருக்கிறாரா? சொன்ன பிறகும் அடுத்த வாரம் அதே முகத்தோடு போனீர்களா? வீடற்றவர்கள் தங்கும் விடுதி ஒன்றில் மேற்பார்வையாளராக இருந்தவள் நான். கொடுக்க வருபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மறுப்பைத் தாங்கிக்கொண்டவர்கள் மட்டும்தான் கடைசிவரை வந்துகொண்டிருந்தார்கள்.

அதற்கு முன்னால், அவர் எப்படி அங்கே வந்து சேர்ந்தார் என்பது உங்களுக்குத் தெரியுமா? நம் ஊர் நடைபாதையில் படுத்திருப்பவர்கள் எல்லோரும் ஒரே வகை இல்லை. சி.எம்.சி. மருத்துவமனைக்கு வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் என்று எங்கிருந்தெல்லாமோ நோயாளிகள் வருகிறார்கள். வைத்தியம் நீண்டு, லாட்ஜ் வாடகைக்குக் கையில் காசு தீர்ந்து, கூட வந்தவர் வெளியே துண்டை விரித்துப் படுப்பார். அவருக்கு ஊரில் வீடு இருக்கிறது, நிலம்கூட இருக்கலாம். அவருக்குத் தேவை மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் அழைத்துப்போக ஓர் ஆள். சாம்பார் சாதம் இல்லை. மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர்களில் சிலர், வாரம் முழுக்கக் கடை வாசலில் படுத்துவிட்டுச் சனிக்கிழமை கூலியோடு கிராமத்துக்கு பஸ் ஏறுபவர்கள். விழுப்புரம் ரயிலில் திருவண்ணாமலைக்குப் போகிற வழியில் இரண்டு நாள் தங்கும் காவிக்காரர்கள் உண்டு. பிள்ளைகளோடு சண்டை, சொத்துத் தகராறு, குடி, மனநோய் என்று வந்தவர்கள் தனி. இவர்கள்தான் உண்மையில் போக்கிடம் இல்லாதவர்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடற்றவர்களை பிப்ரவரி 28ஆம் தேதி ஒரே இரவில் எண்ணினார்கள்; நாடு முழுவதும் சுமார் 17.7 லட்சம் பேர் என்று கணக்கு வந்தது. அன்றிரவு லாரிக்குள் தூங்கியவரை யார் எண்ணியிருப்பார்கள் என்று எனக்கு இன்றும் சந்தேகம்தான்.

இனி உங்கள் கேள்விக்கு நெருக்கமான ஒரு கதை. இருவரும் எனக்கு நன்றாகத் தெரிந்தவர்கள். பெயர் சொல்லமாட்டேன்.

ஒருவர் தோல் வியாபாரக் குடும்பம். பாட்டன் காலத்திலிருந்து அதே தொழில், ஏற்றுமதி உண்டு. பெரியவர்களின் நினைவுநாளில் சாப்பாடு கொடுக்க ஆரம்பித்து, பிறகு வாராவாரம் என்று ஆக்கிக்கொண்டவர். இன்னொருவர் பழைய பேருந்து நிலையத்தின் பக்கத்தில் ஒரு கடை வாசலில் படுப்பவர். சிமென்ட் சாக்கில் இரண்டு சட்டை, ஒரு போர்வை, ஓர் அலுமினியத் தட்டு. இந்தப் பெரியவர் பொட்டலத்தை வாங்கிக்கொள்வார், "நல்லா இருங்க முதலாளி" என்பார், அத்தோடு சரி. பல வாரங்கள் இப்படித்தான் போயின.

ஒருநாள் முதலாளி குனிந்து பொட்டலத்தை நீட்டியபோது பெரியவர் அதை வாங்காமல் அவர் காலைப் பார்த்திருக்கிறார். செருப்பின் வாரை இரண்டு விரலால் பிடித்து லேசாக மடக்கி விட்டார். பிறகு கட்டைவிரலால் ஒருமுறை தேய்த்தார். "இது வயிற்றுப் பக்கத்துத் தோல், முதலாளி. ஆறு மாதத்தில் இழுத்துக்கொண்டு போய்விடும். முதுகுப் பக்கத்துத் தோலில் வார் வெட்டச் சொல்ல வேண்டியதுதானே? உங்களை யார் ஏமாற்றினார்கள்?" என்று கேட்டார். தோல் விற்பவரிடமே தோலைப் பற்றி! முதலாளி அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். மாட்டுத் தோலில் முதுகும் பின்புறமும் இறுக்கமாக இருக்கும், வயிற்றுப் பக்கம் தளர்ந்து நீளும் என்பது அவருக்கும் தெரியும். ஆனால் தன் செருப்பை அவர் அப்படிப் பார்த்ததே இல்லை.

பெரியவர் சிறுவயதிலேயே டேனரி வேலைக்கு, அதாவது தோல் பதனிடும் ஆலைக்குப் போனவர். சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கியிருக்கிறார், டிரம் ஓட்டியிருக்கிறார். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட காலத்தையும், அதை விட்டுக் குரோமியத்துக்கு மாறிய காலத்தையும் வாசனையாலேயே பிரித்துச் சொல்வார். பாலாற்றில் கலந்த தோல் கழிவுநீர் தொடர்பாக உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் தீர்ப்பு சொன்னது நினைவிருக்கும். மாசு செய்தவர் அதற்கான விலையைத் தர வேண்டும் என்ற கொள்கை நம் நாட்டுச் சட்டத்தில் ஊன்றி நின்றதில் வேலூர் வழக்கு என்று இன்றும் சொல்லப்படும் அந்த வழக்குக்குப் பெரிய பங்கு உண்டு. நியாயமான தீர்ப்பு; ஆற்றையும் கிணறுகளையும் பார்த்தவர்கள் அதைக் குறை சொல்லமாட்டார்கள். அந்தக் காலகட்டத்தில் சுத்திகரிப்பு வசதி இல்லாத டேனரிகளுக்குப் பூட்டு விழுந்தது. தான் வேலை பார்த்த இடமும் அதில் ஒன்று என்பார் பெரியவர். பிறகு கூலி வேலை, மனைவியின் சாவு, மகனோடு பேச்சு நின்றது, குடி, தெரு. வரிசையாகச் சொல்லிவிடுவார், குரல் ஏறாது, இறங்காது.

அந்தச் செருப்புக்குப் பிறகு அவர்கள் பேசியது எல்லாம் தொழில்தான். எந்த ஊர் உப்புத் தோல் நன்றாக இருக்கும், எந்தப் பருவத்தில் தோலில் உண்ணிக் காயம் அதிகம், இப்போது வருகிற பையன்களுக்கு ஏன் கை பேசுவதில்லை, இப்படி. முதலாளி சாம்பிள் துண்டுகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்து காட்டுவார். பெரியவர் மூக்கைச் சுளித்தால் மறுநாள் அந்தச் சரக்கைப் பற்றித் தன் ஆட்களிடம் விசாரிப்பார். ஒரு கட்டத்தில் "முதலாளி" போய் "பாய்" ஆனது. பாய் "பெரியவரே" என்று கூப்பிடுவதை மட்டும் மாற்றவில்லை. டீக்கு யார் காசு கொடுப்பது என்பதில் சண்டை வரும். சில நாள் பெரியவர் ஜெயிப்பார்.

குசேலர் கதையைச் சொல்பவர்கள் மாளிகை வந்ததைப் பற்றித்தான் நீட்டி முழக்குவார்கள். கந்தல் முடிச்சிலிருந்து அவலைக் கண்ணன் தானே பறித்துத் தின்றானே, அந்த இடத்தில் கொஞ்சம் நின்று பாருங்கள். உங்கள் நண்பர் உங்களுக்கு என்ன கொடுத்திருக்கிறார்? ஒரு பீடி, ஒரு பழமொழி, மழை வருமா வராதா என்ற ஜோசியம், எதுவானாலும் சரி. நீங்கள் வாங்கிக்கொண்டீர்களா, இல்லை "பரவாயில்லை, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்று பெருந்தன்மையாக மறுத்தீர்களா? அந்தப் பெருந்தன்மையைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இவர்களுக்குள்ளும் முறிவு வந்தது. பாய்க்கு மனசு கேட்கவில்லை. சத்துவாச்சாரி பக்கம் ஓர் அறை பிடித்து, படுக்கை, ஃபேன், வாளி எல்லாம் வாங்கிவைத்துப் பெரியவரைக் கொண்டுபோய் விட்டார். சில நாளில் பெரியவர் சாக்கைத் தூக்கிக்கொண்டு பழைய இடத்துக்கே வந்துவிட்டார். பாய்க்கு வருத்தம், கொஞ்சம் அவமானமும்கூட. வருவதையே நிறுத்திவிட்டார். என்னிடம் வந்து, "இவர்களுக்கு எவ்வளவு செய்தாலும் இப்படித்தான்" என்றார். இந்த "இவர்கள்" என்ற பேச்சு எனக்குப் பிடிக்காது. "ஏன் வந்தார் என்று கேட்டீர்களா?" என்றேன். கேட்கவில்லை.

காரணங்கள் மிகச் சாதாரணமானவை. விடியுமுன் மார்க்கெட்டில் காய்கறி லாரி வரும்போது பக்கத்தில் இருந்தால் பெரியவருக்குச் சில்லறை வேலை கிடைக்கும்; சத்துவாச்சாரியிலிருந்து அந்நேரத்துக்கு எப்படி வருவது? கையிலிருக்கும் காசை அவர் டீக்கடைக்காரரிடம்தான் கொடுத்துவைப்பார், கணக்கும் அங்கேதான். இரவில் இருமினால் பக்கத்தில் படுத்திருப்பவன் எழுந்து தண்ணீர் கொடுப்பான். அறையில் நான்கு சுவர்தான் இருந்தது. தெருவில் இருப்பவருக்கும் ஓர் ஊர் உண்டு. கூரைக்கு ஆசைப்பட்டு அதை விட்டுப்போனால் வேலை, வங்கி, அண்டைவீடு மூன்றும் ஒரே நாளில் போய்விடும்.

விடுதிக்கு ஏன் வரமறுக்கிறார்கள் என்பதும் கிட்டத்தட்ட இதே கதைதான். உச்ச நீதிமன்றம் 2010இல் உத்தரவிட்ட பிறகு, நகரங்களில் வருடம் முழுவதும் இருபத்துநான்கு மணி நேரமும் இயங்கும் விடுதிகள் வந்தன. ஒரு லட்சம் மக்கள்தொகைக்குக் குறைந்தது நூறு பேர் தங்க இடம் வேண்டும் என்பது தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் வகுத்த விதி. விடுதி நல்ல விஷயம். ஆனால் குடித்தால் உள்ளே வரமுடியாது, பீடிக்கு வெளியே போகவேண்டும், சாக்கு மூட்டையை வைக்கும் இடம் பிரச்சினை. பெரியவர் இப்போதும் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு மட்டும் விடுதிக்கு வருவார். அக்னி நட்சத்திரத்தில் எவ்வளவு சொன்னாலும் வரமாட்டார், வெளியேதான் காற்று என்பார். வேலூர் வெயிலில் காற்று எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

பாய் திரும்ப வந்தது பெரியவருக்கு உடம்பு முடியாமல் போனபோது. டீக்கடைக்காரர் ஆள் அனுப்பினார். நெஞ்சுச் சளி, மூச்சு இரைப்பு. ஓர் அரசு மருத்துவமனையில் சேர்த்தார்கள். அங்கே முதல் கேள்வி, "கூட யார்?" நம் ஊர் வார்டுகளில் அட்டெண்டர் இல்லாத நோயாளிக்கு உள்ள கஷ்டம் அனுபவித்தவர்களுக்குத் தெரியும். சளி மாதிரியைப் பரிசோதனைக்கூடத்துக்கு எடுத்துப்போக, எக்ஸ்ரேவுக்குச் சக்கர நாற்காலி தள்ள, கஞ்சி வாங்கி வர, இரவில் சலைன் தீர்ந்தால் நர்ஸைக் கூப்பிட, எல்லாவற்றுக்கும் ஓர் ஆள் வேண்டும். மருந்தும் வைத்தியமும் இலவசம். அந்த ஆளை மட்டும் அரசாங்கம் தருவதில்லை. பாய் டிரைவரை அனுப்பியிருக்கலாம், கூலிக்கு ஆள் வைத்திருக்கலாம். அவரே உட்கார்ந்தார். பக்கத்துப் படுக்கைக்காரரின் மனைவி, "உங்களுக்கு என்ன உறவு?" என்று கேட்டதற்கு, "எங்கள் ஊர்க்காரர்" என்றார். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. அந்தப் பெண்மணி தன் கஞ்சியில் பாதியை இவருக்கு ஊற்றிக் கொடுத்தார், இவரும் குடித்தார்.

இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், உங்கள் வசதியில் அவருக்கு மிகவும் பயன்படக்கூடியது பணம் இல்லை என்பதற்காக. நீங்கள் பேசினால் கவுன்டரில் இருப்பவர் நிமிர்ந்து பார்க்கிறார். அவர் பேசினால் பார்ப்பதில்லை. அநியாயம்தான், ஆனால் நடைமுறை. அதை அவருக்காகச் செலவழியுங்கள்.

எங்கே செலவழிப்பது? முதலில் ஆதார். முகவரிச் சான்று இல்லாதவருக்கு அங்கீகரிக்கப்பட்ட விடுதியின் பொறுப்பாளர் தரும் சான்றிதழ் உதவும். ஆகவே அவர் விடுதியில் படுக்காவிட்டாலும் அங்கே அவரைத் தெரிந்திருப்பது நல்லது. அடுத்து முதியோர் உதவித்தொகை: அறுபது வயது, ஆதரவற்ற நிலை, மாதம் ஆயிரமாக இருந்ததை 2023இல் 1,200 ரூபாய் ஆக்கினார்கள். விண்ணப்பம் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் போகும், கிராம நிர்வாக அலுவலர் விசாரணைக்கு வருவார், "வீடு எங்கே?" என்று கேட்பார். இந்த இடத்தில்தான் முக்கால்வாசி விண்ணப்பம் படுத்துவிடும். கூட நிற்க ஆள் இருந்தால் எழுந்து நடக்கும். பெரியவருடையதும் நடந்தது, மெதுவாக.

ஒரு வேடிக்கை: ஓட்டுக்கு மட்டும் முகவரிச் சான்று தேவையில்லை. வீடற்றவர் படிவம் 6இல் தான் படுக்கும் இடத்தை எழுதிக்கொடுத்தால், வாக்குச்சாவடி நிலை அலுவலர் ஒன்றுக்கு மேற்பட்ட இரவுகள் அங்கே வந்து, அவர் அங்கேதான் தூங்குகிறாரா என்று பார்க்க வேண்டும். வேறு இருப்பிடச் சான்று கேட்கக் கூடாது என்பது தேர்தல் ஆணையத்தின் விதி. அதாவது ஓட்டுப் போட நடைபாதை ஒரு முகவரி. ரேஷன் அட்டைக்கு இல்லை. ரேஷன் அட்டை இல்லாமல் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வாங்குவது குதிரைக்கொம்பு.

பணம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கொடுக்கலாம், சிறிய தொகையாக, அவர் கேட்டால். கடன் என்று கேட்டால் கடன் என்றே கொடுங்கள், திருப்பித் தரும்போது வாங்கிக்கொள்ளுங்கள். பெரிய தொகையைக் கையில் கொடுப்பது அவருக்கு ஆபத்து. தூங்கும்போது இடுப்பைத் தடவுகிறவர்கள் இருக்கிறார்கள், அடிதடியும் நடக்கும். அஞ்சலகத்தில் ஒரு சேமிப்புக் கணக்கு திறந்துகொடுத்தால் நூறு பொட்டலத்துக்குச் சமம். குடித்துவிடுவாரே என்றால், குடிப்பார். உங்கள் மற்ற நண்பர்களுக்கு மொய் எழுதும்போது இந்தக் கேள்வி வருகிறதா?

சாப்பாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஞாயிற்றுக்கிழமை ஒரே ஆளுக்கு மூன்று குழுக்கள் பிரியாணி கொடுக்கின்றன, செவ்வாய்க்கிழமை எட்டிப்பார்க்க ஆளில்லை. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் கேசரி, பல் இல்லாதவர்களுக்குப் பரோட்டா! உங்கள் குழு வாரநாளுக்கு மாறினால் நல்லது. மாறாவிட்டாலும், போட்டோ எடுப்பதையாவது நிறுத்தச் சொல்லுங்கள். பொட்டலத்தை நீட்டிக்கொண்டு கேமராவைப் பார்ப்பவர்களைக் கண்டால் எனக்கு ரத்தம் கொதிக்கும். வாங்குகிறவருக்கும் எங்கோ ஒரு மகள், சம்பந்தி, பழைய முதலாளி இருப்பார்கள். அவர்கள் கைப்பேசியிலும் அந்தப் படம் போகும்.

அவர் பேச்சில் தொடர்பு அறுகிறது, தனியாகச் சிரிக்கிறார், யாரோ துரத்துவதாகச் சொல்கிறார் என்றால் விஷயம் வேறு. அப்போது உங்கள் நட்பு மட்டும் போதாது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100ஆம் பிரிவின்படி, இப்படித் திரிபவர்களைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசேர்ப்பது காவல்துறையின் கடமை. லாக்கப்பில் வைக்கக் கூடாது. குடும்பத்தைத் தேடுவதும் அவர்கள் பொறுப்பு. காவல் நிலையத்தில் இந்தப் பிரிவைச் சொல்லிக் கேளுங்கள்; நீங்கள் கேட்டால் எழுதிக்கொள்வார்கள். நள்ளிரவில் வேனில் ஏற்றிக்கொண்டு போய் மொட்டையடித்துப் பூட்டிவைக்கும் "இல்லம்" எதையாவது யாராவது சிபாரிசு செய்தால், முதலில் உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள்.

"எங்காவது சேர்த்துவிடுவது கடமையா" என்ற கேள்விக்கு இதற்குள் பதில் கிடைத்திருக்கும். வழிகளைச் சொல்லுங்கள், விடுதியைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள், திரும்பவும் கூட்டிவாருங்கள். முடிவு அவருடையது. பெரியவர் இப்போது அந்தக் கடைக்காரரிடமே இரவுக் காவல் என்று பேசிக்கொண்டு, வாசலுக்குப் பதில் உள் திண்ணையில் படுக்கிறார். அது பாய் ஏற்பாடு செய்ததில்லை, அவரே பேசி முடித்தது. பாய்க்கு இதில் கொஞ்சம் மனக்குறைகூட உண்டு.

மனைவி விஷயம். வீட்டுக்கு அழைத்துப்போக அவசரப்படாதீர்கள். உங்கள் வரவேற்பறையில் சோபா நுனியில் உட்கார்ந்து நெளிவதை எந்த மனிதரும் விரும்பமாட்டார். மனைவியை ஒரு மாலை அந்த டீக்கடைக்கு அழைத்துவாருங்கள், பொட்டலம் எதுவும் இல்லாமல். மைத்துனரை விட்டுவிடுங்கள். ஆதார் வேலைக்குக் கிளம்பும் முன், உங்கள் நண்பரிடம் "வரட்டுமா?" என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள், அவர் பழைய அட்டை எதையாவது டீக்கடையில் கொடுத்துவைத்திருக்கவும் கூடும், அதையும் விசாரியுங்கள். புதிதாகப் பதிவதைவிடப் பழைய எண்ணைத் தேடியெடுப்பது சுலபம்.